இரண்டாவது கயிறு

கரண்டி கீழே விழுந்ததற்காக யாராவது பெண்டாட்டியின் பிறந்த வீட்டையே கூண்டில் ஏற்றுவார்களா? என் கணவர் ஏற்றினார். கரண்டி என் கையிலிருந்துதான் விழுந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அது உருண்டு நிற்பதற்குள், என் அப்பா எங்கள் கல்யாணத்தில் அவருடைய சித்தப்பாவைக் கவனிக்காமல் விட்டது, என் அண்ணன் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தராதது, என் தங்கை எதற்கெடுத்தாலும் சிரிப்பது, எல்லாம் சமையலறைக்குள் வந்து வரிசையாக நின்றுவிட்டன.

"உங்க வீட்டுல யாருக்குத்தான் ஒண்ணை உருப்படியா பிடிக்கத் தெரியும்?"

"தெரியாதுதான். தெரிஞ்சிருந்தா உங்களையா பிடிச்சிருப்பேன்?"

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வரும். அன்று வரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் நெற்றியெல்லாம் வியர்வை.

"பாத்தியா, உன்னோட கத்திக் கத்தி சர்க்கரை ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டுத் தட்டில் இருந்ததில் பாதியை எடுத்துப் பாத்திரத்தில் போட்டார்.

கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு வியர்க்கும், கை நடுங்கும், கண் மங்கும். சர்க்கரை ஏறிவிட்டது என்பார். ஏறியதை இறக்குவதற்காகச் சாப்பாட்டைக் குறைப்பார். குறைத்த பிறகு முன்னைவிட மோசமாகக் கத்துவார். "மீட்டர்ல ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றால் மீட்டரில் பேட்டரி இருக்காது. அந்தப் பொத்தான் பேட்டரியைக் கழற்றித் தன் அளவு பார்க்கும் கருவியில் போட்டிருப்பார். "எத்தனை மோட்டாரை சத்தத்தை வெச்சே சொல்லியிருக்கேன். என் உடம்பைச் சொல்ல எனக்கு மீட்டர் வேணுமா?"

போதாததற்கு வயிறு வேறு. தினம் ஒரு தடவையாவது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். பழி என் சமையலுக்கு. அவருடைய அக்கா ஃபோனில், "என்னத்தம்மா போட்டுச் சமைக்கிற? எங்க வீட்டுல இருந்தவரைக்கும் கல்லைத் தின்னாலும் செரிக்கும் அவனுக்கு" என்றார். கல்லையே கொடுத்திருக்கலாமே அக்கா, எதற்கு எனக்குக் கட்டிக் கொடுத்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அடக்கி அடக்கி எனக்கும் ஒரு நோய் வரப்போகிறது, அதற்கும் ஒரு மாத்திரை இருக்கும்.

இதையெல்லாம் ஒரு கோபக்காரக் கணவரின் கதையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன், அவர் வேறு ஏதாவது வேலை பார்த்திருந்தால். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் நின்று பொத்தானை அழுத்துகிறவர்கள் அந்தப் பெட்டிக்கு ஒரு கூரை இருப்பதையோ, அந்தக் கூரைமேல் சில நேரம் ஒரு மனிதர் நிற்பதையோ நினைத்துப் பார்ப்பதில்லை. சுற்றிலும் இருட்டுச் சுவர், எண்ணெய் பூசிய இரும்புக் கயிறுகள், பெட்டியின் விளிம்புக்கு வெளியே கீழே வரை வெறும் பள்ளம். அங்கே நிற்கிறவருக்குக் கை நடுங்கக் கூடாது. கவனம் ஒரு நொடி தப்பக் கூடாது. அவர் காலையில் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், கோபத்தில் நான் வாசல் வரை போகாவிட்டாலும், மனசு அந்தப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றுகொள்ளும்.

ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் அவரைப்போல் ஜாக்கிரதையான ஆளைப் பார்க்க முடியாது. ஏறும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பூட்டில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும்: 'ஆள் உள்ளே இருக்கிறார். தொடாதே.' யார் பூட்டினாரோ அவர்தான் திறக்க வேண்டும், முதலாளியே வந்து நின்றாலும் சரி. ஒரு முறை யாரோ அவசரத்தில் இன்னொருவருடைய பூட்டை வெட்டிவிட்டார் என்று, அந்த மனிதருடன் இன்றுவரை இவர் பேசுவதில்லை.

சர்க்கரைக்கு அவர் முதலில் காலையில் ஒரு பெரிய வெள்ளை மாத்திரையும் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றைப் போட்டால் மற்றதை மறப்பார். கொஞ்ச நாளைக்கு முன் டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரட்டுமா என்றதற்கு, "லிஃப்ட் பாக்கப் போகும்போது உன்னையா கூட்டிட்டுப் போறேன்?" என்று கேட்டுவிட்டு அவர் மட்டும் போனார். திரும்பி வந்து, "மாத்திரையை மாத்தியிருக்காங்க. இது நல்ல மாத்திரை" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தகவல். மாத்திரைகள் அவருடைய கருவிப் பெட்டியில், வாஷர்கள் போடும் தட்டுக்குக் கீழே இருக்கும். அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் தொடக் கூடாது. தூசி துடைக்கக்கூடத் தொடக் கூடாது.

கரண்டி விழுந்த மறுநாள் மாலை ஸ்பேனர் வந்தார். அவருடன் வேலை செய்கிறவர், நாற்பதைத் தாண்டியவர், தலையில் முடி குறைந்து வயிறு முன்னால் வந்த மனிதர். சின்னப் பையனாக ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தபோது விழுந்த பட்டப்பெயர், இன்னும் எல்லாருக்கும் ஸ்பேனர்தான். என் கணவர் குளித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, வீட்டுல ஏதாவது சண்டையா?"

"எங்க வீட்டுல எப்போ சண்டை இல்லாம இருந்தது? ஏன்?"

"இல்ல… நேத்து அண்ணன் மேல நின்னுக்கிட்டு இருந்தாரு. நான் கீழருந்து கூப்பிடறேன், திரும்பவே இல்ல. போய்ப் பாத்தா கயித்தையே பாத்துட்டு நிக்கிறாரு. தோளைத் தொட்டேன். என்னைத் திட்டல அண்ணி."

"திட்டலைன்னா நல்லதுதானே?"

"அண்ணன் என்னைத் திட்டாம இருந்ததே இல்ல அண்ணி. அதான் பயந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு மதியம் அந்தப் பெரிய கட்டிடத்துல கயிறு மாத்தறோம். அவர்தான் மேல நிக்கணும். கொஞ்சம் சந்தோஷமா அனுப்பி வைங்க."

சந்தோஷமாக அனுப்பி வைக்க வேண்டுமாம். தப்பு செய்தது வீடு, தீர்வும் வீட்டில். அன்று படுத்துக்கொண்டு யோசித்தேன். இந்த மனிதரை எனக்கு இப்போது பிடிக்கிறதா? பிடிக்கவில்லை என்றுதான் பதில் வந்தது. பயமாக இருக்கிறதா, அவருக்காக? ரொம்ப. இரண்டும் ஒரே ஆள்மேல் எப்படி இருக்கின்றன என்று புரியவில்லை. பக்கத்தில் அவர் தூக்கத்தில் கை விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறேன். எழுத்து அட்டைக்கு எதிரே ஆளை உட்கார வைத்து, சோதனைச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாளெல்லாம் கேட்பது என் பிழைப்பு. மறுநாள் காலை அவரிடம் சொன்னேன்: "கண்ணு மங்குதுன்னு சொல்றீங்களே, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கடைக்கு வந்து கண்ணைக் காட்டிட்டுப் போங்க. காட்டாம ஏறினா ஸ்பேனருக்கு நானே ஃபோன் பண்ணி நிறுத்திடுவேன்." முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். காலையில் மாத்திரையைப் போட்டதைப் பார்த்தேன். சாப்பிட்டது ஒரு ரொட்டித் துண்டு. "சர்க்கரை ஏறியிருக்கு, போதும்."

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது கருவிப் பெட்டியோடு கடைக்குள் வந்தார். வரும்போதே முகம் சரியில்லை. வாசலில் இருந்த கண்ணாடி ஸ்டாண்டை முட்டினார், அது ஏன் அங்கே நிற்கிறது என்று அதையே திட்டினார். நாற்காலியில் உட்கார வைத்துச் சட்டத்தை மாட்டினேன்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றேன்ல! எதுக்கு ஆளை வெச்சு விளையாடறே?"

அடுத்த அறையில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டில் நடப்பது போதாதென்று இங்கேயும் மானத்தை வாங்க வந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, அந்த மூணாவது வரியைப் படிங்க" என்றேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். "மூணாவது மாடி" என்றார் மெதுவாக. "கதவு சாத்தல. யாரோ கதவைத் திறந்து வெச்சிருக்காங்க."

அதற்குள் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சட்டைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. கையைப் பிடித்தால் ஈரத்துணி மாதிரி ஜில்லென்றிருந்தது. இது சண்டை போடுகிற மனிதரின் கை இல்லை.

பக்கத்துக் கடை மருந்துக்கடை. நான் கத்திய கத்தலில் மருந்துக்கடைக்காரம்மா மீட்டரோடு ஓடி வந்தார். விரலில் குத்தினார்.

"ஏறியிருக்கா?" என்றேன்.

"ஏறவா? ஐம்பதைக்கூடத் தொடல. சுத்தமா இறங்கிக் கிடக்கு." என் கணவரின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "அண்ணே, என்னைப் பாருங்க. முழுங்க முடியுமா?"

அவர் தலையாட்டினார். குளுக்கோஸ் தண்ணீரை உதட்டருகில் வைத்தபோது என் கையைத் தள்ளிவிட்டார். "சர்க்கரைக்காரனுக்குச் சர்க்கரையா? கொல்லப் பாக்கிறியா?"

"ஆமா, கொல்லத்தான் பாக்கிறேன். குடிங்க!"

குடித்தார். கால் மணி நேரம் என் உள்ளங்கையில் அவருடைய மணிக்கட்டு இருந்தது. மெல்ல மெல்ல முகம் திரும்பி வந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்த முகத்தைக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. மறுபடி பார்த்ததில் மீட்டரும் கொஞ்சம் ஏறியிருந்தது. நான் கொண்டுவந்திருந்த மதியச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட வைத்தார் மருந்துக்கடைக்காரம்மா. அப்புறம் கேட்டார்: "என்ன மாத்திரை போடறீங்க? காட்டுங்க."

முதல்முறையாக அந்தப் பெட்டி என் கண் முன்னால் திறந்தது. வாஷர் தட்டுக்குக் கீழே புது மாத்திரை அட்டை. அதனோடு ரப்பர் வளையம் போட்டு, பெரிய வெள்ளை மாத்திரை அட்டை, சின்ன மஞ்சள் மாத்திரை அட்டை.

"இது மூணுமா போடறீங்க?"

"ஆமா."

"அண்ணே, இந்த ஒண்ணுக்குள்ளேயே அந்த ரெண்டு மருந்தும் இருக்கு. பின்னாடி பாருங்க, ரெண்டு மருந்தோட பேரும் அச்சடிச்சிருக்கு. அப்போ பழசை நிறுத்தணும். டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாங்க." அவர் குரலில் இப்போது பழைய தெம்பு. "ரெண்டையும் ஒண்ணுல அடைச்சுக் குடுத்திருக்கேன், இது மட்டும் போதும்னாங்க. அது எப்படிப் போதும்? லிஃப்டை ஒரே கயித்துலயா தொங்க விடுவாங்க? ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கணும். அதான் பழசையும் சேத்துப் போட்டேன். பாதுகாப்புக்கு."

பாதுகாப்புக்கு! எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவரை அடிக்கலாம் போலிருந்தது. பிறகு அழுகை வந்தது, அதைக் கடையில் காட்ட விரும்பவில்லை, எழுத்து அட்டை விளக்கை அணைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். டாக்டர் சொன்னதைக் கேட்காமல் விட்டவர் இல்லை இவர். கேட்டு, யோசித்து, தன் தொழில் புத்தியைப் போட்டு, இன்னும் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார். என் அப்பாவைத் திட்டியது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது, லிஃப்ட் தலைமேல் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றது எல்லாம் ஜாக்கிரதையின் விளைவு.

மருந்துக்கடைக்காரம்மா ஃபோன் போட்டு டாக்டரம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் தந்தார். "உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. "இந்த மஞ்சள் மாத்திரை உடம்புல ரொம்ப நேரம் நிக்கும். இப்போ சரியாயிட்டாலும் திரும்ப இறங்கும். இங்க உட்கார வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணும். தனியா எங்கேயும் விடாதீங்க."

நான் ஃபோனை வைத்துத் திரும்புவதற்குள் அவர் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கே?"

"கயிறு மாத்த. ஸ்பேனர் காத்துட்டு இருப்பான்."

"டாக்டரம்மா உடனே வரச் சொல்றாங்க. திரும்ப இறங்குமாம்."

"இப்போ எனக்கு ஒண்ணுமில்ல. பாரு, கை நடுங்குதா?" நீட்டிக் காட்டினார். நடுங்கவில்லை. "சாயங்காலம் போலாம். வயசானவங்க படி ஏறிட்டு இருக்காங்க அங்கே."

கெஞ்சினேன். என்மேல் ஆணையாக என்றேன். ஊரிலிருக்கும் அவர் அக்காவுக்கு ஃபோன் போடுவேன் என்றுகூட மிரட்டினேன், அந்த அளவுக்கு இறங்கிவிட்டேன். எதுவும் அவருக்கு ஏறவில்லை. என் பேச்சு அவருக்கு எப்போதும் பெண்டாட்டியின் பேச்சுதான், எச்சரிக்கைப் பலகை இல்லை. அவர் சட்டைப் பையில் சாவியைத் தேடித் தடவியபோதுதான் எனக்கு அது தோன்றியது.

பெட்டியைப் பிடுங்கித் திறந்தேன். மேல் தட்டில் அவருடைய பூட்டு இருந்தது. சிவப்பு அட்டையும் இருந்தது. பெட்டியை மூடி, கொக்கியில் அட்டையைக் கோர்த்து, பூட்டை மாட்டி அழுத்தினேன். அதில் தொங்கிய சாவியை உருவி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"என்ன பண்ற நீ? திற."

"யார் பூட்டினாங்களோ அவங்கதான் திறக்கணும். நான் இன்னும் வேலையை முடிக்கல."

"விளையாடாதே. அது என் பூட்டு."

"போட்டது நான். வேணும்னா வெட்டுங்க."

அவர் பூட்டைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள்.

"ஆள் உள்ளே இருக்கார்னு போட்டிருக்கே" என்றார் கடைசியில், எரிச்சலோடு. "எந்த ஆளு?"

"நீங்கதான்."

பிறகு ஃபோனை எடுத்து ஸ்பேனரைக் கூப்பிட்டார். "இன்னைக்கு மாத்த முடியாதுடா. பெட்டியில பூட்டு விழுந்துடுச்சு… யாரு போட்டா என்ன, விழுந்துடுச்சு. மூடிட்டு வீட்டுக்குப் போடா, தடிமாடு." அந்தப் பக்கம் ஸ்பேனர் எவ்வளவு நிம்மதியாகச் சிரித்தார் என்பது எனக்கு இங்கே கேட்டது.

மருத்துவமனையில் மாலைக்குள் அவருக்கு மறுபடி ஒரு தடவை வியர்த்தது. டாக்டரம்மா மீட்டரைக் காட்டினார், இறங்கியிருந்தது. உடனே கவனித்தார்கள். அது அந்தக் கூரைமேல் நடந்திருக்கக்கூடும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை. அவர் மட்டும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்த பிடியை ரொம்ப நேரம் விடவில்லை.

"ரெண்டு கயிறு வேணும்னீங்களாமே" என்றார் டாக்டரம்மா. "இந்த ஒரு மாத்திரைக்குள்ளேயே ரெண்டு கயிறும் முறுக்கி இருக்கு. நீங்க இன்னொரு மோட்டாரை மாட்டிக் கீழ்ப்பக்கம் ஓட விட்டிருக்கீங்க. வயிறு கெட்டது அந்த வெள்ளை மாத்திரை அதிகமானதால, சமையலால இல்ல."

"இதை எழுதிக் குடுங்க டாக்டர்" என்றேன். "இவங்க அக்காவுக்கு அனுப்பணும்."

"பழசை இங்கேயே குடுத்துடுங்க. புதுசு ஒண்ணு மட்டும், காலையில சாப்பாட்டோட. போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கவே கூடாது. வியர்த்தா, நடுங்கினா, முதல்ல மீட்டர். ஏறிடுச்சுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. பாக்கெட்டுல குளுக்கோஸ் எப்பவும் இருக்கட்டும். கூட வேலை பாக்கிறவருக்கும் தெரியணும். நான் சரின்னு சொல்ற வரைக்கும் மேலே ஏற வேண்டாம்."

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இந்த முறை நானும் உள்ளேதான் இருந்தேன்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை நாளாக நான் வெறுத்தது யாரை? கத்தியது அவரா, மஞ்சள் மாத்திரையா? எது அவர், எது மருந்து என்று வில்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இது தெளிவா, அது தெளிவா? இரண்டும் ஒன்றுதான் என்று அவர் சொன்னதே சரியான பதிலோ என்றுகூடத் தோன்றியது. எனக்குக் கிடைத்திருப்பது மன்னிக்க ஒரு காரணம். ஆனால் மன்னித்து மன்னித்துச் சலித்துப்போன ஒருத்திக்குக் காரணம் கிடைத்தால் சந்தோஷம் வரும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது அலுப்பு. அவர் தூங்கியதும் அவருடைய செருப்பை நேராக வைத்துவிட்டு நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு வீடு அமைதியாகிவிட்டது. மீட்டருக்குத் தனி பேட்டரி வாங்கி, அவர் கைக்கு எட்டாத இடத்தில் இன்னொன்றும் வைத்திருக்கிறேன். வயிறு சரியாகிவிட்டது, என் சமையலைப் பற்றி அக்காவிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. டாக்டரம்மா சரி என்ற பிறகு கயிறும் மாற்றியாயிற்று. ஸ்பேனர் தன் பையிலும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வைத்திருக்கிறார், அண்ணன் திட்டாவிட்டால் உடனே வாயில் கொட்டிவிடுவதாகச் சொல்கிறார். அமைதி எனக்குப் பழகவில்லை. அவர் பேசாமல் சாப்பிட்டால், சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று விரலைப் பிடித்துவிடுகிறேன்.

நேற்று மறுபடி கரண்டி விழுந்தது. இந்தத் தடவையும் என் கையிலிருந்துதான்.

"உங்க அண்ணன் வாங்கிட்டுப் போன ஏணி மாதிரி, உன் கைக்குப் போன எதுவும் திரும்பி வராது" என்றார்.

நான் மீட்டரை எடுத்து வந்தேன். "கையை நீட்டுங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"நீட்டுங்கன்னு சொல்றேன்ல."

நீட்டினார். குத்தினேன். இருவரும் அந்தச் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தோம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக இருந்தது.

"அப்போ இது உங்க சொந்தக் கோபம்?"

"ஆமா. என்ன இப்போ?"

மீட்டரை அதன் பையில் பத்திரமாக வைத்தேன். கரண்டியை எடுத்துக் கழுவினேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நாளாகிவிட்டது.

"சரி, உட்காருங்க. எங்க அண்ணன் ஏணிக்கு முன்னாடி, உங்க சித்தப்பா கதையில இருந்து ஆரம்பிப்போம்."